பறவைத் தீவும் பூக்களின் தீவும்

2022 ஜனவரியில் நான் ஒரு படம் எடுத்தேன். படம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். கைப்பேசியில் எடுத்து, இரவெல்லாம் உட்கார்ந்து வெட்டி ஒட்டிய நான்கு நிமிடக் காணொளி. புலாவ் பூரோங் குப்பைமேடு தீப்பிடித்து எரிந்த மாதம் அது. வாரக்கணக்கில் புகைந்தது. குப்பைமேட்டுக்கு மிக அருகில் இருக்கும் பைராம் தோட்டத்துக் குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். என் பாட்டியின் வீடு அங்கேதான். அவரை நிபோங் திபாலில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குக் கூட்டிப் போவதற்காக ஜார்ஜ்டவுனிலிருந்து போயிருந்தேன். போன இடத்தில் படம் எடுத்தேன்.

முதல் காட்சி, செம்பனை மரங்களுக்கு மேலே எழும் புகை. அடுத்து தூரத்தில் குப்பைமேடு. அப்புறம் பாட்டி வீட்டு வாசல்: சாம்பல் படிந்த சிமெண்டுத் தரை, கவிழ்ந்து கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. கடைசியாக, கதவோரம் நின்று இருமும் பாட்டி. நிறத்தையெல்லாம் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கினேன். பின்னணியில் வயலின்.

ஜார்ஜ்டவுனில் நண்பர் ஒருவரின் மாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடி அதைப் பார்த்தோம். கை தட்டினார்கள். "பவர்ஃபுல்லா இருக்கு லா" என்றான் ஒருவன். அந்த மிதப்பு குறைவதற்குள் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கைப்பேசியைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு முழுவதும் பார்த்தார். திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்:

"காலையில ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவன்னு கூட்டிக்கிட்டேதானே இருந்தேன். அத ஏன் பாப்பா எடுக்கல? பாக்குறவங்க என்னா நினைப்பாங்க? இந்தக் கெழவி குப்பையிலயே கெடக்குறான்னு நினைக்க மாட்டாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுதாக இல்லை. ஆனால் அன்றிலிருந்து குப்பையைப் பற்றிய எந்தப் படத்தைப் பார்த்தாலும் அந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன். கூட்டுகிற கை இந்தப் படத்தில் இருக்கிறதா, இல்லை சாம்பல் மட்டும்தானா?

*

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு என்றதும் நம் வாசகர்களுக்கு ஜார்ஜ்டவுன்தான் நினைவுக்கு வரும். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமானது. சுவரோவியங்களும் பழைய கடைவீடுகளும் லிட்டில் இந்தியாவும் உள்ள நகரம். ஆனால் பினாங்கு மாநிலத்தின் பாதி கடலுக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கிறது. அதன் தென்கோடியில் நிபோங் திபால், அதையும் தாண்டிக் கடலோரம் போனால் பைராம் தோட்டம், சதுப்புக் காடு, புலாவ் பூரோங் குப்பைமேடு. தீவின் வீட்டுக் குப்பை பத்து மாவுங் இடமாற்று நிலையத்தில் சேர்ந்து, கடல் தாண்டி இங்கே வருகிறது. பெருநிலத்தின் குப்பையும் இங்கேதான். மாநிலம் முழுக்க எதைத் தூக்கிப் போட்டாலும் அது எங்கள் பக்கம்தான் வந்து சேரும்.

புலாவ் பூரோங் என்றால் மலாயில் பறவைத் தீவு. 1991இல் இது முறைப்படுத்தப்பட்ட குப்பை நிரப்பு நிலமானது. 2001இல் குப்பையிலிருந்து வடியும் கசிவுநீரைத் திரும்பக் குப்பைமேலேயே பாய்ச்சும் முறைக்கு உயர்த்தினார்கள். இது ஜப்பானின் ஃபுக்குவோக்கா நகரில் உருவான தொழில்நுட்பம். குப்பைக்குள் காற்று போக வழி விட்டால் சீக்கிரம் மக்கும் என்பது அதன் அடிப்படை. ஒரு நாளைக்கு 1,500 டன்னுக்குக் குறையாமல் குப்பை வருகிறது.

இந்த விவரங்களெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நிபோங் திபாலில்தான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. அங்கிருந்து புலாவ் பூரோங் கசிவுநீரைப் பற்றி ஏராளமான ஆய்வுக்கட்டுரைகள் வந்திருக்கின்றன. அந்தத் தண்ணீரின் நிறம், அதிலுள்ள அம்மோனியா, எந்த ரசாயனத்தைப் போட்டால் எவ்வளவு தெளியும் என்றெல்லாம் வரிசையாக இருக்கிறது. இணையத்தில் 'புலாவ் பூரோங்' என்று தேடினால் அந்தத் தண்ணீரைப் பற்றி நாளெல்லாம் படிக்கலாம். பக்கத்தில் வாழும் மனிதர்களைப் பற்றித் தேடினால், தீப்பிடித்த மாதத்தின் செய்திகள் வரும். அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட இடங்களைப் பற்றி உலகத்தில் நல்ல படங்களே வரவில்லையா? வந்திருக்கின்றன. அதில் ஒன்று, என்னைப் பொறுத்தவரை இந்த வகையின் மிகச் சிறந்த படம். மிக ஆபத்தான படமும் அதுதான்.

*

பிரேசிலின் ஜோர்ஜ் ஃபுர்த்தாதோ 1989இல் எடுத்த குறும்படம் 'பூக்களின் தீவு'. சுமார் 13 நிமிடம். பெர்லினில் வெள்ளிக் கரடி வாங்கியது. ஒரு தக்காளியின் கதைதான் படம். ஜப்பானிய வம்சாவளி விவசாயி ஒருவர் தக்காளி பயிரிடுகிறார். அது பேரங்காடிக்குப் போகிறது. வாசனைத் திரவியம் விற்றுக் குடும்பம் நடத்தும் ஒரு அம்மாள் அதை வாங்குகிறார். குழம்புக்கு லாயக்கில்லை என்று ஒரே ஒரு தக்காளியைத் தூக்கிப் போடுகிறார். அது போர்த்தோ அலெக்ரே நகரத்துக் குப்பையோடு பூக்களின் தீவுக்குப் போகிறது. அங்கே ஒருவர் பன்றி வளர்க்கிறார். பன்றிக்கு ஆகும் என்று பொறுக்கியது போக மிச்சத்தை ஏழைப் பெண்களும் குழந்தைகளும் எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பத்துப் பேராக வேலிக்குள் விடுவார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம்.

இதைச் சொல்லும் குரல் பள்ளிக்கூட அறிவியல் பாடம் போல ஒட்டாமல் சொல்லிக்கொண்டே போகும். பணம் என்றால் என்ன, பன்றி என்றால் என்ன, மனிதன் என்றால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கொடுக்கும். நமக்குச் சிரிப்பு வரும். கடைசி இரண்டு நிமிடத்தில் அந்தச் சிரிப்பு தொண்டையில் மாட்டிக்கொள்ளும். பன்றிக்கு ஒரு முதலாளி இருக்கிறார், அந்தப் பெண்களுக்கு யாரும் இல்லை, அதனால் வரிசையில் பன்றிக்குப் பின்னால் நிற்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு தர்க்கமாக ஒரு சமூகத்தின் மேல் குற்றப்பத்திரிகை வாசித்த இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை. பெயரும் என்னைக் குத்தியது. அங்கே பூக்களின் தீவு, இங்கே பறவைத் தீவு. குப்பை கொட்டும் இடத்துக்கெல்லாம் யாரோ முன்கூட்டியே அழகான பெயர் வைத்துவிடுகிறார்கள் போல.

ஆனால் பாட்டியின் கேள்வியை இந்தப் படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். தக்காளி விவசாயிக்குப் பெயர் இருக்கிறது. தூக்கிப் போட்ட அம்மாளுக்குப் பெயர் இருக்கிறது. வேலிக்குள் போகும் பெண்களில் ஒருவருக்கும் பெயர் கிடையாது. ஒருவரும் வாய் திறந்து பேசுவதில்லை. குனிந்து எடுத்துவிட்டுப் போகிறார்கள். பன்றிக்குப் பின்னால் மனிதரை நிறுத்திய சமூகத்தைக் கேலி செய்யும் படம், அந்த மனிதரைத் தன் வாதத்தின் கடைசி வரியாக மட்டும் பயன்படுத்திக்கொள்கிறது. இன்னொரு விஷயம்: படத்தில் வரும் காட்சிகள் பெரும்பாலும் பூக்களின் தீவில் எடுக்கப்படவில்லை. பக்கத்திலிருக்கும் மாலுமிகளின் தீவில் எடுத்தவை. பெயரின் முரண் படத்துக்குத் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு உலகம் முழுக்கப் பள்ளிகளில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அந்தத் தீவுக்காரர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதை ஃபுர்த்தாதோவின் குற்றமாகச் சொல்லவில்லை. என் குற்றத்தை அவரிடம் அடையாளம் கண்டேன், அவ்வளவுதான். நானும் என் வாதத்துக்குச் சாம்பல் தேவை என்று எடுத்துக்கொண்டேன். பாட்டி இருமுவது தேவை என்று எடுத்துக்கொண்டேன். அவர் துடைப்பத்தை எடுத்தபோது நான் கைப்பேசியை நிறுத்திவிட்டேன், ஏனென்றால் சுத்தமான வாசல் என் படத்துக்கு உதவாது.

*

குப்பையில் மனிதரே இல்லாவிட்டால் இந்தச் சிக்கல் வராது. பிக்ஸாரின் 'வால்-ஈ' அப்படித்தான் தப்பிக்கிறது. ஜார்ஜ்டவுன் பாரம்பரிய நகரமான அதே 2008இல் வந்த படம். 29ஆம் நூற்றாண்டு, பூமி முழுக்கக் குப்பை, மனிதர்கள் எல்லாரும் விண்கப்பலில் ஏறிப் போய்விட்டார்கள். ஒரு சின்ன இயந்திரம் தனியாகக் குப்பையைக் கட்டியாக அழுத்தி வானளாவ அடுக்கிக்கொண்டிருக்கிறது. முதல் அரைமணி நேரம் அற்புதம். அந்த இயந்திரம் ஒரு நகைப்பெட்டியைக் கண்டெடுக்கும். உள்ளே வைர மோதிரம். மோதிரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, திறந்து மூடும் பெட்டியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளும். தூக்கியெறியும் கலாச்சாரத்தைப் பற்றி அந்த ஒரு காட்சி சொல்வதைப் பல ஆவணப்படங்கள் ஒன்றரை மணி நேரத்தில் சொல்லவில்லை.

ஆனாலும் அந்தப் படத்தின் பூமியில் குப்பைமேட்டுப் பக்கத்தில் குடியிருப்பு இல்லை. குப்பை சேர்ந்தது, எல்லாரும் சேர்ந்து கிளம்பினார்கள் என்கிறது கதை. நிஜத்தில் யாரும் சேர்ந்து கிளம்புவதில்லை. கப்பலில் இடம் கிடைப்பவன் போகிறான். மற்றவர்கள் அங்கேயே வாசல் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் லூசி வாக்கரின் 'வேஸ்ட் லேண்ட்' (2010). ரியோ டி ஜெனிரோவுக்கு வெளியே ஜார்டிம் கிராமாச்சோ என்ற பிரமாண்டமான குப்பைமேடு. அதற்கும் பூந்தோட்டம் என்ற அர்த்தம் வரும் பெயர்தான், கவனியுங்கள். நியூயார்க்கில் வாழும் பிரேசில் ஓவியர் விக் மூனிஸ் அங்கே போகிறார். மறுசுழற்சிப் பொருள் பொறுக்கும் தொழிலாளர்களைப் புகைப்படம் எடுக்கிறார். பிறகு அவர்களையே கூப்பிட்டு, பெரிய கிடங்கின் தரையில், குப்பையில் கிடைத்த பொருட்களை வைத்து அந்த உருவங்களை நிரப்பச் சொல்கிறார். மேலிருந்து படம் எடுத்தால் அது ஓவியம்.

இந்தப் படத்தில் எல்லாருக்கும் பெயர் உண்டு. பேச்சு உண்டு. தொழிலாளர் சங்கத் தலைவர் தியாவோ குப்பையில் கிடைத்த மாக்கியவெல்லியின் புத்தகத்தை எடுத்துப் படித்ததைச் சொல்வார். எந்தப் பொருளை எதோடு சேர்க்கக் கூடாது, எதற்கு என்ன விலை என்று அவர்கள் பேசும்போது அது ஒரு தொழில், ஒரு அறிவு என்பது நமக்குப் புரிகிறது. தியாவோவின் உருவம் லண்டனில் ஏலம் போகிறது. அந்தப் பணம் சங்கத்துக்கு வருகிறது.

ஆனால் எனக்கு முக்கியமான காட்சி ஏலம் அல்ல. நடுவில் மூனிஸும் அவர் மனைவியும் உடன் வேலை செய்பவரும் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளும் காட்சி. இந்த மனிதர்களைக் கொஞ்ச நாள் வெளியே கூட்டிவந்து வேறு வாழ்க்கையைக் காட்டிவிட்டுத் திரும்பக் குப்பைமேட்டுக்கே அனுப்புவது சரியா? சிலர் திரும்பப் போக விரும்பவில்லையே, அதற்கு யார் பொறுப்பு? இந்தச் சண்டையை வெட்டாமல் படத்தில் வைத்ததற்காகவே எனக்கு லூசி வாக்கர்மேல் மரியாதை. கேமரா ஒரு இடத்துக்குள் நுழைந்தால் அந்த இடம் பழையபடி இருக்காது என்பதைப் படமே ஒப்புக்கொள்கிறது. 2012இல் ஜார்டிம் கிராமாச்சோ மூடப்பட்டது. குப்பை நின்றதால் வேலையும் நின்றது.

*

எங்களுக்கு மிக நெருக்கமாக வந்த படம் பிரேசிலிலிருந்து வரவில்லை. வாங் ஜியூலியாங்கின் 'பிளாஸ்டிக் சைனா' 2016இல் வந்தது. சீனாவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மறுசுழற்சிப் பட்டறை. பணக்கார நாடுகளிலிருந்து வந்த பிளாஸ்டிக்கை இரண்டு குடும்பங்கள் கையால் பிரித்து, கழுவி, உருக்குகின்றன. முதலாளி குன்னுக்கு ஒரு காடி வாங்க ஆசை. வேலைக்காரரின் மகள் யீ-ஜியே, 11 வயது, அவளுக்குப் பள்ளிக்கூடம் போக ஆசை. முதலாளி என்றாலும் அவனும் அதே புகைக்குள்தான் கிடக்கிறான். அவனை வில்லனாக்க வாங் மறுக்கிறார். அந்தப் பெண் தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு, சமைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் பிரித்துக்கொண்டு இருப்பதை அவசரமில்லாமல் பார்க்கிறார். பின்னணிக் குரல் எதுவும் நமக்குப் பாடம் எடுப்பதில்லை. கூட்டுகிற கை இந்தப் படத்தில் இருக்கிறது. அது ஒரு குழந்தையின் கையாக இருப்பதுதான் வலி.

இந்தப் படம் சீன இணையத்திலிருந்து சீக்கிரமே காணாமல் போனது. ஆனால் 2017இல் சீனா வெளிநாட்டுக் குப்பைக்குத் தடை அறிவித்தது. 2018 ஜனவரியிலிருந்து அமலுக்கு வந்தது. படம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திரையில் யீ-ஜியேயின் வீட்டு முற்றத்தில் குவிந்திருந்த அதே வகைப் பிளாஸ்டிக் அதன்பிறகு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். மலேசியாவுக்கு வந்தது. சிலாங்கூரின் ஜெஞ்சாரோமில் உரிமமில்லாத பட்டறைகள் முளைத்தன, இரவில் பிளாஸ்டிக் எரித்தார்கள், ஊர்க்காரர்கள் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். 2020 ஜனவரியில் பட்டர்வொர்த்தில் வைத்து அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ யின் ஒரு கணக்குச் சொன்னார்: 150 கொள்கலன்கள், 3,737 டன், 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. பிரான்ஸுக்கு 43, இங்கிலாந்துக்கு 42.

அந்த 42 எனக்கு ஏன் மனதில் நின்றது என்றால், பைராம் என்பதே ஒரு இங்கிலாந்துப் பெயர். யார்க்ஷயரில் பைராம் என்றொரு இடம். ராம்ஸ்டன் என்ற பிரபுக் குடும்பத்தின் பட்டத்தோடு ஒட்டிய பெயர் அது. அதே குடும்பத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் எங்கள் வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன; பிறகு அவை ரப்பரானது. சர்க்கரையும் ரப்பரும் இங்கிருந்து அங்கே போயின. நூறு சொச்சம் வருடம் கழித்து அங்கிருந்து காலி பாட்டிலும் நெகிழிப் பையும் வந்து இறங்குகின்றன. அந்தக் கொள்கலன்கள் புலாவ் பூரோங்குக்கு வந்தன என்று நான் சொல்லவில்லை. எங்கள் குப்பைமேடு பினாங்குக்காரர்களின் குப்பையாலேயே நிறைந்துவிடும். நான் சொல்வது திசையைப் பற்றி. யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்கு என்கிற திசை பெரிதாக மாறவில்லை. கப்பல் மட்டும் மாறியிருக்கிறது.

*

இவ்வளவு நேரம் தூக்கிப் போடுவதைப் பற்றியே பேசிவிட்டோம். பொறுக்குவதைப் பற்றிப் பேசிய படம் ஆனியெஸ் வர்தாவின் 'நானும் பொறுக்குகிறவர்களும்' (2000). அறுவடைக்குப் பிறகு வயலில் சிந்திக் கிடக்கும் கதிரைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது பிரான்ஸில் பழைய வழக்கம். கையடக்க டிஜிட்டல் கேமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு, எழுபது வயதைத் தாண்டிய வர்தா, இன்றைக்கு யாரெல்லாம் பொறுக்குகிறார்கள் என்று தேடிப் போகிறார். உருளைக்கிழங்கு வயலில் அளவு சரியில்லை என்று கொட்டிவிட்ட கிழங்குகளுக்கு நடுவே இதய வடிவக் கிழங்கைக் கண்டெடுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார். தன் சுருங்கிய கையையே இன்னொரு கையால் படம் எடுக்கிறார். கேமராவை அணைக்க மறந்து, லென்ஸ் மூடி ஆடிக்கொண்டே வரும் காட்சியைக்கூடத் தூக்கிப் போடாமல் படத்தில் வைத்திருக்கிறார். படம் எடுப்பதும் பொறுக்குகிற வேலைதான் என்கிறார். தான் மேலே நின்று பார்க்கிறவள் இல்லை, இவர்களோடு குனிந்தவள் என்று அவர் சொல்லிக்கொள்வது பொய்யாகத் தோன்றவில்லை.

இதைத் தமிழில் யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. நம் மொழியில் 'பொறுக்கி' என்பது வசைச்சொல். பொறுக்குகிறவன் என்பதே கெட்டவன் என்றாகிவிட்டது. ஆனால் என் பாட்டியின் மொத்த வாழ்க்கையும் பொறுக்கியதுதான். பால்மரக் காலத்தில் ஒட்டுப்பால்: பால் எடுத்தபின் வெட்டுக்காயத்திலும் கோப்பையிலும் காய்ந்து ஒட்டியிருப்பதை மறுநாள் உரித்துப் பையில் போட வேண்டும்; அதற்குத் தனி நிறுவை, குறைந்த விலை. செம்பனைக் காலத்தில் உதிரிப் பழம்: குலையை வெட்டித் தள்ளும்போது சிதறும் பழங்களை முள்ளுக்கும் புல்லுக்கும் நடுவில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். நன்றாகப் பழுத்ததுதான் உதிரும், அதில்தான் எண்ணெய் அதிகம். மூட்டைக் கணக்கில் காசு. "கீழ கெடக்குறதுதான் பாப்பா நல்ல பழம்" என்பார். வர்தாவைப் பாட்டிக்கு அறிமுகப்படுத்தி வைத்திருந்தால் இருவரும் ஒருநாள் முழுக்கப் பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

தமிழ்ப் படங்களில் குப்பைமேடு என்றால் பெரும்பாலும் சண்டைக்காட்சிக்கான களம். நாயகன் அடித்தால் வில்லனின் ஆள் குப்பையில் போய் விழுவான். விதிவிலக்கு மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015). அதைக் குப்பைப் படம் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அது முழுக்கப் பொறுக்குதலின் படம். ரயிலிலிருந்து சிந்தும் நிலக்கரியைப் பொறுக்கிப் பழைய சாமான் கடையில் விற்று வாழும் இரண்டு பையன்கள். காக்காய் கூட்டிலிருந்து முட்டை எடுக்கிறார்கள். அந்த மரத்தை வெட்டிவிட்டுத்தான் பீட்சா கடை வருகிறது. இந்தப் படத்தில் வறுமை இருக்கிறது, அழுக்கு இருக்கிறது, ஆனால் கேமரா அந்த வீட்டைப் பார்த்து ஒருமுறைகூட மூக்கைப் பொத்துவதில்லை. ஆயா தோசைமாவை வைத்துப் பீட்சா மாதிரி ஒன்று சுட்டுக் கொடுக்கும் காட்சியில் நாம் பரிதாபப்படுவதில்லை, சிரிக்கிறோம். கடைசியில் நிஜ பீட்சாவைவிட அதுவே தேவலை என்று பையன்கள் நினைக்கும்போது, ஆயாவின் கைக்குப் படம் மரியாதை செய்துவிடுகிறது.

*

இங்கே நிறுத்தினால் கட்டுரை இனிப்பாக முடிந்துவிடும். ஆனால் பொறுக்குவதை அழகாக்கிவிட்டு, யார் பொறுக்க வைக்கப்பட்டார்கள் என்று கேட்காமல் விட முடியாது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) அதைக் கேட்டது. கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய ஆவணப்படம். தமிழ்நாட்டில் பல இடங்களில் திரையிட விடவில்லை, யூடியூபில் வெளியிட்டார், வழக்குகள் பாய்ந்தன. அழகியலாகப் பார்த்தால் கரடுமுரடான படம், நீளம் அதிகம், ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் திரும்பத் திரும்ப வருவதுதான் அதன் வாதம் என்று இரண்டாவது முறை பார்க்கும்போது புரிந்தது. ஊர் ஊராக, ஆள் ஆளாக, பெயரோடு, சாதியோடு. ஒரு ஊரில் நடந்தால் விபத்து என்று சொல்லிவிடலாம். எல்லா ஊரிலும் அதே சாதியினர் என்றால் அதற்கு வேறு பெயர். கூட்டுகிற கையைக் காட்டினால் மட்டும் போதாது, துடைப்பத்தை அந்தக் கையில் யார் கொடுத்தது என்று கேட்க வேண்டும் என்பதை இந்தப் படத்திடம் கற்றேன். மலாயா நகராட்சிகளிலும் தெருக் கூட்டவும் மலவாளி தூக்கவும் தமிழரையும் தெலுங்கரையும்தான் கொண்டுவந்தார்கள். கப்பலில் ஏறும்போது சாதியும் கூடவே ஏறியது.

இன்னொரு படம், நம் நாட்டுப் படம்: சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015). இதில் குப்பைமேடு கதையே இல்லை. 90களின் தொடக்கம், தோட்டத்தைவிட்டு வெளியே வந்த ஒரு தமிழ்க் குடும்பம், அப்போய் என்ற துறுதுறுப்பான பையன், படி படி என்று அடிக்கும் அப்பா, குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா. ஆனால் தூக்கியெறியும் கலாச்சாரத்தைப் பற்றி மலேசியத் தமிழில் எடுக்கப்பட்ட மிக முக்கியமான படம் இதுதான் என்பேன். ரப்பர் முடிந்தது, நிலத்துக்கு வேறு விலை வந்தது, நூறு வருடம் வேலை செய்த மனிதர்களை அப்புறப்படுத்தினார்கள். இங்கே தூக்கியெறியப்பட்டது பொருள் இல்லை. 'ஜகாட்' என்பது மலாயின் 'ஜஹாட்' நம் வாயில் திரிந்த சொல், கெட்டவன் என்று அர்த்தம். முதலில் தூக்கிப் போடுவார்கள், பிறகு போட்ட இடத்தில் கிடப்பதற்காகத் திட்டுவார்கள். பொறுக்கி என்பதும் ஜகாட் என்பதும் ஒரே கதைதான்.

பைராம் போன்ற தோட்டங்களில் இன்னும் மிச்சமிருக்கும் குடும்பங்கள் இந்தக் கதையின் இன்னொரு பாதி. அவர்கள் தோட்டத்தைவிட்டுப் போகவில்லை. பினாங்கின் குப்பை அவர்களைத் தேடி வந்தது. அந்தப் படம் இன்னும் எடுக்கப்படவில்லை.

*

தீ அணைந்து, பாட்டி வீடு திரும்பிச் சில மாதம் கழித்து, அந்தக் காணொளியை மறுபடி வெட்டலாம் என்று பைராமுக்குப் போனேன். வயலினை எடுத்துவிட்டேன். நிறத்தைத் திரும்பப் போட்டேன். போட்டதும்தான் தெரிந்தது, கவிழ்ந்து கிடந்த அந்த நாற்காலி நல்ல சிவப்பு. சாம்பல் படியக் கூடாது என்று பாட்டிதான் அதைக் கவிழ்த்து வைத்திருந்தார். நான் அதைக் கைவிடப்பட்ட வாழ்க்கையின் குறியீடாக வைத்திருந்தேன்!

காலை ஆறரைக்கு அவர் துடைப்பத்தோடு வந்தார். நான் வாசலில் குந்தி உட்கார்ந்து கைப்பேசியைப் பிடித்தேன். தூரத்தில் முதல் லோரிகளின் சத்தம். காற்று எங்கள் பக்கம் திரும்பியிருந்தது, நாற்றம் வந்தது. அதைக் கேமராவில் பிடிக்க முடியாது. எந்தக் குப்பைப் படத்தாலும் முடிந்ததில்லை. பாட்டி இடது மூலையிலிருந்து ஆரம்பித்து, வளைவு வளைவாகக் கூட்டிக்கொண்டே என் பக்கம் வந்தார். எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று தெரியவில்லை. கைக்கு மிக அருகில் வந்தபிறகு துடைப்பம் நின்றது.

"எடுத்தது போதும். கால எடு பாப்பா, நீ உக்காந்திருக்குற எடம் இன்னும் கூட்டல."

எழுந்து நகர்ந்தேன்.